அழுத்தித் தேய்

அத்தானுக்கு வருஷத் திதி கொடுத்த அன்று, சாப்பிட்டுக் கை கழுவ வந்த ஒருவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அவிய கைராசியான ஆளும்மா. தொட்டா எந்தப் புண்ணும் ஆறிரும்." நான் பதில் சொல்லியிருந்தால் பந்தி பாதியில் நின்றிருக்கும். உள்ளே அக்கா பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தாள், அவளுக்காக வாயை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் 'கைராசி' காதுக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தக் கை என்ன லட்சணத்தில் வேலை செய்தது என்று கூட இருந்து பார்த்தவள் நான். அதனால் எழுதுகிறேன். பெயரை எழுதப் போவதில்லை. மரியாதையாக 'அவர்' என்று எழுதுகிறேனே, அதுவே அவருக்கு அதிகம்.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிகள் வைத்திருந்தார். எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும். மற்றவர்களெல்லாம் 'தறி ஓடுது' என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். இவர் ஒருவர் மட்டும் "மெடிக்கல் லைன்ல இருக்கேன்" என்பார். கல்யாண வீடுகளில் யாராவது தொழிலை விசாரித்தால் இதைச் சொல்லிவிட்டு அதோடு நிறுத்திக்கொள்வார். கேட்டவர் மருந்துக் கடை என்று நினைப்பார், இல்லையென்றால் ஆஸ்பத்திரி என்று நினைப்பார். இவர் திருத்தமாட்டார். கழுத்துச் செயினைச் சட்டைக்கு வெளியே எடுத்து விட்டுக்கொள்வார், அவ்வளவுதான்.

"நம்ம துணி இல்லாம எந்த டாக்டராவது ஒரு ஆப்ரேசன் பண்ணட்டும் பாப்போம். அப்ப யாரு பெரியவன்?" என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். இவர் தறியில் அறுக்கிற துணிக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் நடுவில் எத்தனை வேலை இருக்கிறது. கஞ்சி போக அலச வேண்டும், வெளுக்க வேண்டும், வெட்டி மடித்து மெஷினில் வைத்துக் கிருமி போக ஆவி காட்ட வேண்டும். அதையெல்லாம் வேறு யாரோ செய்தார்கள். இவர் தறியிலிருந்து இறங்குவது சொரசொரவென்று கோணி மாதிரி ஒரு பழுப்புத் துணி. அதைத் தொட்டவுடனேயே இவருக்கு டாக்டர் பட்டம் வந்துவிட்டது.

அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றே ஒன்றுதான், தேய்ப்பது. நெஞ்சுச் சளியா, தைலத்தைப் போட்டுத் தேய். முழங்கால் வலியா, தேய். கட்டியா, உப்பை வைத்துத் தேய். மெதுவாகத் தேய்த்தால் அவருக்குப் பொறுக்காது. "அழுத்தித் தேய்டே, என்ன பூனைக்குத் தடவுத மாதிரி தடவுதே" என்று பக்கத்தில் நின்று விரட்டுவார். தேய்க்கிற இடத்தில் ரத்தம் கசிந்துவிட்டால் முகத்தில் அப்படி ஒரு திருப்தி.

"வரட்டும், வரட்டும். கெட்ட ரத்தம். உள்ள கெடந்தா விஷம்."

"நல்ல ரத்தம் எது, கெட்ட ரத்தம் எதுன்னு எப்படித் தெரியும் அத்தான்?" என்று கேட்டேன்.

"வெளிய வாரது பூராம் கெட்டதுதான்" என்றார்.

தறியில் வேலை பார்த்த மம்சாபுரத்துக்காரர் ஒருவருக்கு விரல் சிக்கி நகம் பெயர்ந்துவிட்டது. அடுத்தவர் வண்டியை எடுத்து வருவதற்குள் அத்தான் முந்திக்கொண்டார். எலுமிச்சம்பழத்தை உப்பில் தொட்டுப் புண்ணில் தேய்த்தார். அந்த மனுஷன் போட்ட சத்தத்தில் தறிகள் எல்லாம் நின்றன. பிறகு கஞ்சித் துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். கை முழங்கை வரை வீங்கி, காய்ச்சல் வந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பெரியாஸ்பத்திரியில் படுத்து, ஊசி ஊசியாகப் போட்டு ஒருவழியாக விரலைக் காப்பாற்றினார்கள். வேலைக்குத் திரும்பி வந்தவரை நிற்க வைத்து அத்தான் எல்லோருக்கும் காட்டினார். "பாத்தியளா, நம்ம துணி கட்டுனதால விரல் தப்பிச்சுது." அந்த மனுஷன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வேலை வேண்டுமே. கைராசி என்ற பேர் இப்படித்தான் கிளம்பியிருக்க வேண்டும்.

இந்தக் கூத்தெல்லாம் ஊரார் தலையில் விழுந்த வரைக்கும் நான் சிரித்துக்கொண்டு கேட்டவள்தான். அக்கா தலையில் விழுந்தபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அக்காவுக்குப் பல் துலக்கும்போது ரத்தம் வருவது பல வருஷமாக இருந்தது. வாய் கொப்பளித்தால் தண்ணீர் சிவப்பாகப் போகும். அத்தான் பார்த்துவிட்டு நல்லது என்று சொல்லிவிட்டார், அவளும் நல்லது என்றே நம்பிக்கொண்டிருந்தாள். அவர்கள் மகனுக்குப் பெண் பார்த்து, தை மாதம் கல்யாணம் என்று முடிவான வாரத்தில் அக்கா எனக்கு போன் பண்ணினாள்.

"ஏட்டி, கீழ முன்னாடி பல்லு மூணும் ஆடுதுட்டி. கல்யாணத்துக்குள்ள விழுந்துருமோ?"

"அத்தான்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். வேப்பங்குச்சியப் போட்டு நல்லாத் தேயின்னாவ." பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "மருமவ வீட்டு ஆளுக முன்னாடி பொக்கை வாயோட நிக்க முடியாதுட்டி. என்னைய எங்கயாவது கூட்டிட்டுப் போ."

அக்கா தனக்கென்று ஒன்றைக் கேட்டு நான் அறிந்ததில்லை. புடவைகூட மற்றவர்கள் எடுத்ததில் மிஞ்சியதைத்தான் கட்டுவாள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்கு எதிரே ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிறேன். அதே தெருவில் ஒரு பல் டாக்டர் இருந்தார், சின்ன வயசுப் பெண். அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.

டாக்டர் பார்த்துவிட்டு, பல்லில் குற்றமில்லை, ஈறுதான் கெட்டிருக்கிறது என்றார். ஈறுக்கு அடியில் வேர் வரைக்கும் காரை கட்டிக் கிடக்கிறது, மரத்துப் போக ஊசி போட்டு அதை வழித்து எடுத்தால் ஈறு மறுபடி பல்லை இறுக்கிக்கொள்ள வாய்ப்பிருக்கிறது என்றார். டீப் கிளீனிங் என்று பெயர். இரண்டு தடவை வரச் சொன்னார். இரண்டாவது தடவை அத்தானும் கூட வந்தார். டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக "நானும் மெடிக்கல் லைன்தான்" என்றார். டாக்டர் அவரை நம்பியே பேசினார், பாவம்.

"என் வேலை முடிஞ்சிருச்சு. இனி வீட்டுல பாத்துக்கிறதுலதான் எல்லாம் இருக்கு. ஈறைப் பச்சைப் புண்ணு மாதிரி நெனச்சுக்கோங்க. ரெண்டு மூணு நாள் லேசா ரத்தம் கசியும், பயப்பட வேண்டாம். பல்லு விளக்குறதை விட்டுறக் கூடாது, ஆனா இந்த மெத்து பிரஷ்ஷால லேசா விளக்கணும். வெதுவெதுப்பா உப்புத் தண்ணி கொப்பளிங்க. இந்த மருந்துத் தண்ணியைக் காலையிலயும் ராத்திரியும் வாயில வச்சிருந்து துப்புங்க. காரம், சூடு, முறுக்கு எல்லாம் கொஞ்ச நாளைக்கு வேண்டாம். நல்லாப் பாத்துக்கிட்டா அந்த மூணு பல்லும் நின்னுரும். ஒரு மாசம் கழிச்சு வந்து காட்டுங்க."

அக்கா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். 'லேசா' என்று டாக்டர் சொன்னபோது அத்தான் என்னைப் பார்த்து உதட்டோரம் சிரித்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம் போனேன். வாசலில் அத்தானின் மோட்டார் சைக்கிள் நின்றது. டாக்டர் கொடுத்த மெத்து பிரஷ் அதன் செயின் பக்கத்தில் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கோடு கிடந்தது. பின்பக்கம் போனால் அக்கா குழாயடியில் குத்தவைத்திருக்கிறாள். ஆள்காட்டி விரலில் தறித் துணியைச் சுற்றி, பொடித்த கல்லுப்பைத் தொட்டு ஈறில் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிகிறது. அத்தான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே நின்று பார்க்கிறார்.

"அழுத்துட்டி. கைக்கு என்ன வலிக்குதா?"

அவள் அழுத்தியது பத்தவில்லை போலிருக்கிறது. துணியை வாங்கித் தன் விரலில் சுற்றிக்கொண்டு அவரே தேய்க்க ஆரம்பித்தார். வாணலியில் பிடித்த கரியைத் தேய்ப்பது போலத் தேய்த்தார். அக்காவின் இரண்டு கையும் குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தன. துப்பியபோது சிமெண்டுத் தரை சிவந்துவிட்டது.

நான் கத்தினேன். "அத்தான், புண்ணுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே!"

"அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும்? பாதி அழுக்க எடுத்துட்டு மீதிய விட்டுருக்கு. நான் எடுக்கேன்."

"மருந்துத் தண்ணி எங்க?"

"கலர்த் தண்ணி. கொட்டியாச்சு. நீ போய் கோர்ட்டுல டைப் அடிம்மா. இது மெடிக்கல்."

நான் இன்னும் ஏதோ சொல்லப் போனேன். அக்கா வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "விடுட்டி. அவியளுக்குத் தெரியாததா" என்றாள். சொல்லும்போது வாய் கோணியது. எனக்கு அவள் மேலும் ஆத்திரம் வந்தது, மறைப்பானேன். சாயங்காலமே கடைக்குப் போய் வேறு பிரஷ்ஷும் வேறு மருந்தும் வாங்கி வந்து, அவர் கண்ணில் படாமல் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு வந்தேன். அதையும் கண்டுபிடித்துவிட்டாராம். கொழுந்தியாள் கடத்தல் சாமான் கொண்டு வந்திருக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாராம். தினம் காலையில் குழாயடியில் நடப்பது நிற்கவில்லை. "அவிய தறிக்குப் போற வரைக்கும் பின்னாடியே நிக்காவ, நான் என்ன செய்ய?" என்று அக்கா போனில் கேட்டாள்.

ஒரு மாதம் கழித்து, அத்தானும் கூட வர, காட்டப் போனோம். அக்காவின் வாயைப் பார்த்ததும் டாக்டரின் முகம் மாறிவிட்டது. ஈறு கிழிந்து, கீழே இறங்கி, சீழ் வைத்திருந்தது. "என்னம்மா பண்ணினீங்க? யார் இப்படித் தேய்ச்சது?"

நான் வாயைத் திறந்தேன். அக்கா என் முழங்கையைப் பிடித்துக் கிள்ளினாள். "நான்தான் டாக்டர். கொஞ்சம் அழுத்தித் தேய்ச்சுட்டேன்."

டாக்டர் அவளைத் திட்டினார். நியாயமான திட்டு, ஆள்தான் தப்பு. பக்கத்திலிருந்த அத்தான் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சொன்னா கேக்க மாட்டா டாக்டர். எம்புட்டுத்தான் சொல்ல?" என்றார். எத்தனையோ வெட்கங்கெட்டவர்களைக் கோர்ட்டில் பார்த்திருக்கிறேன். பொய்ச் சாட்சி சொல்கிறவன்கூடச் சொல்லும்போது எச்சில் விழுங்குவான். இவர் விழுங்கவில்லை.

மூன்று பல்லையும் எடுத்துவிட்டார்கள். ஈறு ஆறாமல் செயற்கைப் பல் வைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், தை அதற்குள் வந்துவிட்டது. கல்யாணத்தில் அக்கா யாரைப் பார்த்தும் சிரிக்கவில்லை. 'வாங்க' என்று சொல்வதைக்கூடக் கையைக் கூப்பி முடித்துக்கொண்டாள். போட்டோக்காரர் "அம்மா, லேசாச் சிரிங்க" என்று கெஞ்சிப் பார்த்தார். உதட்டை இறுக்கிக்கொண்டு மகனுக்குப் பக்கத்தில் நிற்கிறாள், ஆல்பத்தில் எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே முகம். பெண் வீட்டாருக்கு மனசு கஷ்டம். பெண்ணின் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சம்பந்தியம்மாவுக்கு எங்க பிள்ளையப் பிடிக்கலையா?" என்று கேட்டாள். அதையே அத்தானிடமும் யாரோ கேட்டிருக்கிறார்கள். "அவ அப்பிடித்தான். சிடுமூஞ்சி" என்று சொல்லியிருக்கிறார்.

இதோடு நிறுத்தினாலும் அந்த மனுஷனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில் முக்கால்வாசி சொன்ன மாதிரிதான். மீதிக் கால்வாசிதான் ரொம்பக் கேவலம்.

மறு வருஷம் அவருக்கே ஈறு வீங்கியது. சாப்பிட முடியவில்லை. நான் கையைத் தட்டாத குறைதான். குழாயடி இருக்கிறது, தறித் துணி இருக்கிறது, கல்லுப்பு இருக்கிறது, விரலும் இருக்கிறது. அவர் எனக்கு போன் பண்ணினார். "ஏம்மா, அந்த டாக்டர்கிட்ட சீக்கிரமா ஒரு டோக்கன் போடு." ஊசி போடும் முன் "வலிக்குமா டாக்டர்?" என்று எத்தனை தடவை கேட்டார் என்று எண்ணவில்லை. டீப் கிளீனிங் முடிந்து டாக்டர் அதே வார்த்தைகளைச் சொன்னார். இவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். காரம் எத்தனை நாள் கூடாது, மோர்மிளகாய் சேர்த்தியா, கொப்பளித்த பின் எவ்வளவு நேரம் தண்ணீர் குடிக்கக் கூடாது என்று சந்தேகம் வேறு.

பார்க்கப் போனேன். சோபாவில் தலையணை வைத்துச் சாய்ந்திருந்தார். குழையக் குழைய வடித்த சோறு, தயிர். மெத்தென்ற ஆகாரம் வேண்டுமென்று ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா. புது மெத்து பிரஷ், மூடி போட்டது, வெந்நீரில் நனைத்து இன்னும் மெத்தாக்கித்தான் வாயில் வைப்பார். அக்கா டம்ளரில் உப்புத் தண்ணீர் கொண்டு வந்தாள். தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடா இருக்குட்டி. வெதுவெதுப்புன்னா என்னன்னு தெரியாதா?" என்று திருப்பி அனுப்பினார். அவள் போய் ஆற்றிக்கொண்டு வந்தாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன் அத்தான், தறித் துணி ஒரு துண்டு அறுத்துட்டு வரட்டுமா? அழுத்தித் தேச்சா கெட்ட ரத்தமெல்லாம் போயிருமே" என்றேன்.

அவருக்குக் குத்தல்கூடப் புரியவில்லை. பதறிப்போய்க் கையை ஆட்டினார். "கூறு இருக்கா உனக்கு? அது கஞ்சி போட்ட துணிம்மா. வெளுக்காதது. அம்புட்டும் கிருமி. அதையா புண்ணுல வைப்பாங்க?"

அக்கா டம்ளரோடு அங்கேதான் நின்றாள். அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். தெரியாமல் செய்தார் என்ற ஒரு பிடிமானத்தில்தான் அவள் அத்தனை நாளும் அவரை மன்னித்திருந்தாள் என்று நினைக்கிறேன். தெரியும். அவருக்கு எல்லாம் தெரியும். அவள் டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

அவர் காட்ட வேண்டிய நாள் வந்தது. மூன்று பேரும் போனோம். டாக்டர் பார்த்துவிட்டு, "அருமையாப் பாத்துக்கிட்டிருக்கீங்க. ஈறு நல்லாப் பிடிச்சிருச்சு" என்றார்.

"மெடிக்கல் லைன்லா" என்றார் அத்தான்.

"உங்க வீட்டம்மாவுக்கும் இப்படிச் சொல்லிக் குடுத்திருக்கலாமே?"

"சொன்னேன் டாக்டர். கேக்கணும்லா."

டாக்டர் நாற்காலியைச் சாய்த்தார். பின்பக்கப் பல் ஒன்றில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, எடுத்துவிடுகிறேன் என்று எச்சில் இழுக்கிற குழாயை அவர் வாயோரம் மாட்டினார். கண்ணாடியையும் கருவியையும் உள்ளே விட்டார். அப்போதுதான் அக்கா பேசினாள்.

"நான் கேட்டேன் டாக்டர். அவிய சொன்னதத்தான் கேட்டேன். தறித் துணியச் சுத்தி, கல்லுப்பு வச்சு, தெனமும் தேய்க்கச் சொன்னாவ. தேச்சேன். பத்தலைன்னு அவியளே தேச்சாவ. நான்தான் தேச்சேன்னு அன்னைக்கு உங்ககிட்ட சொன்னது பொய். நீங்க குடுத்த மருந்து ஒரு சொட்டு என் வாயில படல."

அத்தான் "ஆ... ஆ..." என்று என்னவோ சொல்லப் பார்த்தார். கையைத் தூக்கினார். டாக்டர் அவர் நெற்றியில் கை வைத்து, "அசையாதீங்க, ஈறு கிழிஞ்சிரும்" என்றார். உடனே கையைக் கீழே போட்டுவிட்டார். ஈறு ஆயிற்றே. கண்ணை மட்டும் உருட்டி அக்காவைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை.

"மிச்சம் இருக்கிற பல்லையாவது காப்பாத்தித் தாங்க டாக்டர். வீட்டுல என்ன செய்யணுமோ, திரும்ப ஒரு தடவ எனக்குச் சொல்லுங்க" என்றாள். பிறகு கேட்டாள்: "லேசா, லேசான்னு சொன்னீயளே. லேசான்னா எம்புட்டு லேசா?"

டாக்டர் கருவியை வைத்துவிட்டு எழுந்தார். குழாய் அத்தான் வாயில் கொரகொரவென்று இழுத்துக்கொண்டே கிடந்தது. ஒரு புது பிரஷ்ஷைப் பிரித்து, அக்காவின் கையை வாங்கி, புறங்கையில் வைத்துச் சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றிக் காட்டினார்.

அக்கா தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இம்புட்டுதானா டாக்டர்?" என்று கேட்டாள். கேட்கும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.